மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் காரில் திடீர் திறன் இழப்பும் பிழைக்குறிகளும்

மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் காரில் திடீர் திறன் இழப்பு என்பது, டர்போ அழுத்தம், எரிபொருள், புகைபோக்கி, கணினி நிரல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ தொழிற்சாலை அளவிலிருந்து மாற்றப்பட்ட கார், ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவையை இழக்கும் நிலையைக் குறிக்கும். பெரும்பாலும் இதனுடன் மீட்டர் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவகத்தில் ஒன்றோ பலவோ பிழைக்குறிகள் பதிவாகும்.

இந்த நிலை இரண்டு வகையில் ஆபத்தானது. முதலாவது, முந்திச் செல்லும்போதோ விரைவுச் சாலையில் இணையும்போதோ கார் எதிர்பார்த்த வேகத்தை எடுக்காமல் போவது. இரண்டாவது, காரணத்தைக் கண்டறியாமல் குறியை மட்டும் அழித்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவதால் பிஸ்டன், டர்போ, வினையூக்கி மாற்றி போன்ற விலை உயர்ந்த பாகங்கள் அழிவது. தொழிற்சாலை நிலையில் உள்ள காருக்கு எழுதப்பட்ட பழுதுநீக்கக் கையேடு மாற்றியமைத்த காருக்கு அப்படியே பொருந்தாது. ஆகையால் இதற்கு ஒழுங்கான தனி அணுகுமுறை தேவைப்படுகிறது.

கணினி தானே திறனைக் குறைப்பது ஏன்

திறன் இழப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, உண்மையான பௌதிகக் குறைபாட்டால் வருவது: காற்றுக் குழாய் கழன்றுவிட்டது, எரிபொருள் போதவில்லை, தீப்பொறி விழவில்லை. மற்றொன்று, கணினி தானே முடிவெடுத்துத் திறனைக் குறைப்பது. இரண்டாவது வகையே பொதுவாக "லிம்ப் மோடு" எனப்படுகிறது. காலில் அடிபட்டவர் நொண்டியபடியேனும் வீடு போய்ச் சேர்வதுபோல, காரைப் பழுதுபார்க்கும் இடம் வரை கொண்டுசெல்லப் போதுமான அளவு திறனை மட்டும் கணினி அனுமதிக்கிறது.

இந்தத் தற்காப்பு பல வழிகளில் செயல்படும். கணினி திராட்டில் தட்டைக் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் திறக்க விடாது. வேஸ்ட்கேட்டைத் திறந்து வைத்து டர்போ அழுத்தத்தைக் குறைக்கும். தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும். எஞ்சின் சுழற்சி வேகத்துக்கு வரம்பு வைக்கும். மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டருக்கு எரிபொருளையே நிறுத்திவிடும்.

மின்னணுத் திராட்டில் உள்ள கார்களில் இன்னொரு கண்காணிப்பும் உண்டு. ஆக்சிலரேட்டர் மிதியின் நிலையிலிருந்து ஓட்டுநர் கேட்கும் முறுக்கு விசையைக் கணினி கணக்கிடுகிறது. காற்றின் அளவு, தீப்பொறி நேரம் முதலியவற்றிலிருந்து எஞ்சின் தரும் முறுக்கு விசையையும் கணக்கிடுகிறது. கேட்டதைவிடத் தருவது வரம்பு மீறி அதிகமானால், தவறு நிகழ்ந்ததாக எண்ணித் திராட்டிலை மூடுகிறது. டர்போ அழுத்தத்தை மட்டும் கூட்டி, கணினியின் முறுக்கு விசை அட்டவணைகளைச் சரிசெய்யாமல் விட்ட காரில் எந்தப் பாகமும் பழுதாகாமலேயே இந்த முறையில் திறன் விழலாம்.

பிழைக்குறியின் அமைப்பு

அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு 1996 மாதிரி ஆண்டு முதல் ஓ.பி.டி. 2 என்னும் பொதுவான தன்னறி முறை கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு இதையொத்த முறை 2001இல் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் இருக்கைப் பக்கத்தில், மீட்டர் பலகைக்குக் கீழே உள்ள 16 ஊசி இணைப்பில் ஸ்கேனரைச் செருகி இக்குறிகளைப் படிக்கலாம்.

ஒரு குறியில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கும். பி என்பது எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்த இயக்கத் தொகுதியைக் குறிக்கும். சி சேசிஸையும், அதாவது பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றையும், யு கணினிகளுக்கிடையேயான தகவல் தொடர்பையும் குறிக்கும். காரின் உடற்பகுதிக்கும் தனி எழுத்து உண்டு. முதல் இலக்கம் 0 என்றால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. 1 என்றால் உற்பத்தி நிறுவனம் தானே வரையறுத்த குறி.

திறன் இழப்புடன் அடிக்கடி வரும் பொதுக்குறிகள் சில:

பி0299: டர்போ அழுத்தம் இலக்கைவிடக் குறைவு.
பி0234: டர்போ அழுத்தம் இலக்கைவிட அதிகம்.
பி0087: எரிபொருள் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு.
பி0171: முதல் பக்கச் சிலிண்டர்களில் கலவையில் எரிபொருள் குறைவு.
பி0300: பல சிலிண்டர்களில் ஒழுங்கற்ற மிஸ்ஃபயர். பி0301, பி0302 என அடுத்து வருபவை அந்தந்தச் சிலிண்டரைக் குறிக்கும்.
பி0325: நாக் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.
பி2135: திராட்டில் அல்லது மிதியின் இரு சென்சார்களின் அளவீடுகள் ஒத்துப்போகாமை.
பி0420: வினையூக்கி மாற்றியின் செயல்திறன் வரம்புக்குக் கீழே.

இவற்றில் கடைசிக் குறி புகைபோக்கியை மாற்றிய கார்களில் மிகச் சாதாரணமாக வரும். அது தனியாக வந்தால் பொதுவாக இழுவை குறையாது. ஆகவே ஒரே நேரத்தில் பல குறிகள் இருந்தால் திறன் இழப்புக்குத் தொடர்புள்ளதையும் ஏற்கெனவே இருந்து வருவதையும் முதலில் பிரித்தறிய வேண்டும்.

குறி சொல்வதும் சொல்லாததும்

பிழைக்குறி பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கணினி எதிர்பார்த்த மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் இடையே வேறுபாடு இருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பி0299 வந்தவுடன் டர்போவைக் கழற்றி மாற்றுவது, காய்ச்சல் என்றதும் எந்த நோய் என்று பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். கிழிந்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளாம்ப், சிக்கிய வேஸ்ட்கேட், பழுதான சொலினாய்டு, அடைபட்ட காற்று வடிகட்டி, அடைபட்ட புகைபோக்கி, தவறாக அளக்கும் அழுத்தச் சென்சார் ஆகிய எதுவும் அதே குறியைத் தரலாம்.

ஒரே பழுது இரு வேறு கார்களில் எதிரெதிர்க் குறிகளைத் தருவதும் உண்டு. சில எஞ்சின்களில் வேஸ்ட்கேட் காற்றழுத்தத்தால் திறக்கிறது. அந்தச் சிறு குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது. டர்போ அழுத்தம் கட்டுமீறி ஏறி பி0234 வரும். வேறு சில எஞ்சின்களில் வெற்றிடத்தின் இழுப்பால் வேஸ்ட்கேட் மூடி வைக்கப்படுகிறது. அங்கே குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் திறந்தே கிடக்கும். அழுத்தம் ஏறாமல் பி0299 வரும். எனவே குறியைப் படிக்கும் முன் அந்த எஞ்சினின் கட்டுப்பாட்டு முறையைத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

குறியுடன் சேர்ந்து பதிவாகும் "உறைநிலைத் தரவு" பலரும் கவனிக்காமல் விடும் பகுதியாகும். பிழை நிகழ்ந்த கணத்தில் எஞ்சின் சுழற்சி, சுமை, குளிர்நீர் வெப்பநிலை, காரின் வேகம், எரிபொருள் திருத்தம் ஆகியவை என்னவாக இருந்தன என்பதைக் கணினி சேமித்து வைக்கிறது. குறியை அழித்தால் இதுவும் அழிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் 1,500 சுழற்சியில் வந்த பிழையும், சூடான எஞ்சினில் முழுச் சுமையில் 5,500 சுழற்சியில் வந்த பிழையும் ஒரே எண்ணைக் காட்டினாலும் அவற்றின் காரணங்கள் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மாற்றங்கள் உண்டாக்கும் தனிப் பிரச்சினைகள்

தொழிற்சாலை எஞ்சினில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓரளவு உபரித் தாங்குதிறன் இருக்கும். மாற்றங்கள் அந்த உபரியைத் தின்றுவிடுகின்றன. முன்பு தெரியாமல் இருந்த சிறு குறை பெரிதாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

தீப்பொறி: சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவைப்படும் மின்னழுத்தமும் கூடுகிறது. சாதாரண டர்போ அழுத்தத்தில் நன்றாக வேலை செய்த பிளக்கும் காயிலும், அழுத்தம் கூட்டப்பட்ட பின் முழுச் சுமையில் மட்டும் பொறியைத் தவறவிடும். இதனால்தான் பல மாற்றமைப்பாளர்கள் பிளக்கின் இடைவெளியைக் குறைக்கிறார்கள்.

எரிபொருள்: பெட்ரோல் முழுமையாக எரிய, நிறை அளவில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளுக்கு அது சுமார் 9.8 பங்கே. அதாவது அதே அளவு காற்றுக்கு ஈ85 கணிசமாக அதிகம் தேவைப்படும். கன அளவில் ஏறத்தாழ 30 விழுக்காடு அல்லது அதற்கும் மேல். பழைய பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் உயர் சுழற்சியில் எரிபொருள் அழுத்தம் விழுந்து பி0087 வரும்.

காற்றுக் குழாய்: இன்டர்கூலரையும் திராட்டிலையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் தொழிற்சாலை அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அழுத்தம் கூட்டப்பட்ட கார்களில் இவை இணைப்பிடத்தில் விரிசல் விடுவதும், ஒரே கணத்தில் பிளந்துவிடுவதும் நன்கு அறியப்பட்டவை. அப்போது பெரும் காற்றொலியுடன் இழுவை முழுதுமாக விழும்.

போலி மிஸ்ஃபயர்: கிராங்க்ஷாஃப்டின் சுழற்சி வேகத்தில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கணினி மிஸ்ஃபயரைக் கண்டறிகிறது. எடை குறைந்த ஃப்ளைவீலைப் பொருத்தினால் இந்த ஏற்ற இறக்கம் இயல்பிலேயே கூடும். எல்லாச் சிலிண்டர்களும் ஒழுங்காக எரிந்தாலும் மிஸ்ஃபயர் குறி வரலாம்.

இடைச்செருகல் கருவி: சில கார்களில் கணினி நிரலை மாற்றாமல், சென்சாருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியைப் பொருத்துகிறார்கள். அது உண்மையான டர்போ அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிக் கணினியை மேலும் அழுத்தம் ஏற்றச் செய்கிறது. இத்தகைய காரில் ஸ்கேனர் காட்டும் அழுத்தமும் அந்தத் திருத்தப்பட்ட பொய் மதிப்பே. தனி அழுத்தமானியோ அந்தக் கருவியின் சொந்தப் பதிவோ இல்லாமல் செய்யும் கண்டறிதல் தவறான இடத்துக்கே இட்டுச் செல்லும்.

கண்டறியும் படிகள்

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் எளிதானது, செலவில்லாதது, பாகத்தைக் கழற்றத் தேவையில்லாதது என்ற வரிசையில் தொடங்கிக் கடினமானதை நோக்கிச் செல்வர்.

முதல் படி, பதிவு. எல்லாக் குறிகளையும் உறைநிலைத் தரவையும் எழுதிக்கொள்ள வேண்டும் அல்லது படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக என்ன பாகம் மாற்றப்பட்டது, எப்போது எரிபொருள் நிரப்பப்பட்டது, திறன் எந்தச் சூழலில் விழுந்தது, எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கியதும் சரியானதா என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அணைத்து இயக்கியதும் இழுவை திரும்பினால் கணினியின் தற்காப்பு வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். திரும்பாவிட்டால் குழாய் பிளந்தது போன்ற பௌதிகக் குறையை முதலில் தேட வேண்டும்.

இரண்டாம் படி, மின்சாரம். எஞ்சின் அணைந்து ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குறிகள், குறிப்பாக யு வரிசைக் குறிகள், ஒரே நேரத்தில் குவிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை பேட்டரியும் எர்த் இணைப்பும்தான். புதிய பம்ப், கூடுதல் மானிகள் ஆகியவற்றுக்காக இழுக்கப்பட்ட ஒயர்களின் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி, கண்ணால் பார்த்தல். எஞ்சின் ஆறிய பின் ஒவ்வொரு கிளாம்பையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். குழாய் இணைப்புகளைச் சுற்றிப் புதிதாக எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அங்கே காற்று கசிகிறது என்று ஊகிக்கலாம்; டர்போ வழியாக வரும் மெல்லிய எண்ணெய் ஆவி கசிவிடத்தில் படிவதே இதற்குக் காரணம். அண்மையில் வேலை செய்த இடத்தையே முதலில் பார்ப்பது நல்லது.

நான்காம் படி, கசிவுச் சோதனை. டர்போவின் நுழைவாயிலை மூடி, அதன் வழியே குறைந்த அழுத்தத்தில் புகையையோ காற்றையோ செலுத்தினால் கசியும் இடம் வெளிப்படும். காற்றைச் செலுத்தும்போது இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்றும் பார்க்கலாம். அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுடன் மெதுவாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் சீல்கள் கெடக்கூடும். செயலற்ற நிலையில் தெரியாத கசிவு அழுத்தத்தில் மட்டுமே திறக்கும் என்பதால், எஞ்சின் சும்மா ஓடும்போது ஓசையைக் கேட்டு மட்டும் முடிவெடுக்க முடியாது.

ஐந்தாம் படி, ஓட்டத் தரவுப் பதிவு. எஞ்சின் சுழற்சி, இலக்கு அழுத்தம், உண்மை அழுத்தம், வேஸ்ட்கேட் கட்டுப்பாட்டு விழுக்காடு, திராட்டில் கோணம், தீப்பொறி நேரத் திருத்தம், எரிபொருள் அழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். முழுச் சுமைப் பதிவைப் பந்தயத் தடத்திலோ டைனமோமீட்டரிலோ மட்டுமே எடுக்க வேண்டும். பொதுச் சாலை இதற்கான இடமன்று.

இந்தப் பதிவில் எது முதலில் விலகுகிறது என்பதே முக்கியம். எரிபொருள் அழுத்தம் முதலில் விழுந்து, பிறகு திராட்டில் மூடினால் குறை எரிபொருளில் உள்ளது. அழுத்தம் இலக்கை எட்டாமல் வேஸ்ட்கேட் கட்டுப்பாடு உச்சத்தில் நின்றால் காற்று எங்கோ இழக்கப்படுகிறது அல்லது வேஸ்ட்கேட் மூடவில்லை. எல்லாம் சரியாக இருந்து தீப்பொறி நேரம் மட்டும் பின்வாங்கினால் நாக்கிங், மட்டமான எரிபொருள் அல்லது சூடான காற்று காரணமாகலாம். எந்த அளவீடும் விலகாமல் திராட்டில் மட்டும் மூடினால் முறுக்கு விசைக் கண்காணிப்பை ஆராய வேண்டும்.

ஆறாம் படி, பாகங்களை இடம் மாற்றிப் பார்த்தல். மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்றால் அதன் காயிலை ஐந்தாம் சிலிண்டரில் பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். குறி பி0303இலிருந்து பி0305க்கு நகர்ந்தால் காயில்தான் பழுது. நகராவிட்டால் அதே முறையில் பிளக்கைச் சோதித்து, பிறகு இன்ஜெக்டரையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். புதிய பாகம் எதையும் வாங்காமலே இதைச் செய்யலாம்.

ஏழாம் படி, எஞ்சினின் உள்நிலை. மேற்கண்டவற்றில் காரணம் கிடைக்காவிட்டால் கம்ப்ரஷன் சோதனையும், சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி இழப்பை அளக்கும் கசிவு விகிதச் சோதனையும் செய்யப்படும். பிந்தைய சோதனையில் காற்று எங்கே வெளியேறுகிறது என்பதைக் காதால் கேட்டே அறியலாம்: எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம், புகைபோக்கியில் கேட்டால் வெளியேற்று வால்வு, குளிர்நீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

எடுத்துக்காட்டு: என்54 எஞ்சின்

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2006இல் 335ஐ காரில் அறிமுகப்படுத்திய என்54, மாற்றியமைப்போரிடையே மிகப் புகழ்பெற்ற எஞ்சின்களுள் ஒன்று. 3.0 லிட்டர் கொள்ளளவும், வரிசையாக ஆறு சிலிண்டர்களும், மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரு டர்போக்களும், சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருள் தெளிக்கும் முறையும் கொண்டது. அதன் தொழிற்சாலைத் திறன் 225 கிலோவாட். முறுக்கு விசை 400 நியூட்டன் மீட்டர். நிரலை மட்டும் மாற்றியே இந்த அளவுகளைக் கணிசமாகக் கூட்ட முடிவதால் இதில் திறன் இழப்புச் சிக்கல்களும் பரவலாக ஆராயப்பட்டுள்ளன.

இந்த எஞ்சினில் நேரடித் தெளிப்புக்காக எரிபொருளை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றும் பம்ப் ஒன்று உண்டு. மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களிலேயே அது பழுதானதால், 2010 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 1,30,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. நீண்ட நேரம் சுழற்றிய பிறகே எஞ்சின் உயிர்பெறுவதும், ஓடும்போது திடீரென்று இழுவை குறைவதும் அதன் அறிகுறிகள். மாற்றியமைத்த காரில் வரும் எல்லாக் கோளாறுக்கும் மாற்றமே காரணம் என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதே எஞ்சினில் 30எஃப்எஃப் என்பது டர்போ அழுத்தம் குறைவு என்பதற்கான நிறுவனத்தின் சொந்தக் குறி. பொதுக்குறியான பி0299க்கு இணையானது. நிரல் மாற்றப்பட்ட ஒரு காரில் இந்தக் குறி வந்ததாகக் கொள்வோம். பதிவைப் பார்க்கும்போது இலக்கு 0.9 பார், எட்டியது 0.55 பார். வேஸ்ட்கேட் கட்டுப்பாடு உச்சத்தில் நிற்கிறது. எரிபொருள் அழுத்தமும் தீப்பொறியும் சரியாக உள்ளன.

இந்த அளவீடுகளுக்கு இரு விளக்கங்கள் பொருந்தும்: ஏற்றிய காற்று வழியில் கசிகிறது அல்லது வேஸ்ட்கேட் மூடவில்லை. பதிவைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே அடுத்து கசிவுச் சோதனை செய்யப்படுகிறது; கசிவு எதுவும் இல்லை. இப்போது மிஞ்சுவது வேஸ்ட்கேட். என்54இல் வெற்றிடமே வேஸ்ட்கேட்டை மூடி வைக்கிறது. எனவே கைப்பம்பால் இரு வேஸ்ட்கேட்களின் இயக்கிகளுக்கும் வெற்றிடம் கொடுத்துப் பார்க்கப்படுகிறது. இரண்டும் நகர்ந்து வெற்றிடத்தைத் தக்கவைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வெற்றிடம் கொண்டுவரும் ரப்பர் குழாய்களைச் சோதித்தால், ஒன்று வெப்பத்தால் காய்ந்து வெடித்திருக்கிறது.

குழாயை மாற்றியதும் அழுத்தம் இலக்கை எட்டுகிறது. கட்டுப்பாட்டு விழுக்காடும் உச்சத்திலிருந்து இறங்குகிறது. குறியை மட்டும் நம்பியிருந்தால் இரு டர்போக்களையும் கழற்றி மாற்றியிருப்பார்கள். பழைய குழாயை அப்படியே மீண்டும் இணைத்திருந்தால் அதே குறி மறுபடி வந்திருக்கும். கசிவைக் கவனியாமல் நிரலில் இலக்கைக் கூட்டியிருந்தால், ஒழுங்காக இருந்த மற்றொரு டர்போ அந்தக் குறையை ஈடுகட்ட அளவுக்கு மேல் சுழன்று அதுவும் கெட்டிருக்கும்.

வழக்கமான தவறுகள்

குறியை உடனே அழித்தல் முதல் தவறு. தரவு போய்விடுவதோடு, கணினி கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தங்களும் பல கார்களில் அழிந்துவிடும்.

ஒரே நேரத்தில் பல பாகங்களை மாற்றுதல் இரண்டாவது. கார் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் புதிய பாகங்களே ஐயத்துக்கு உரியவையாகும்.

எச்சரிக்கை வரம்புகளை நிரலில் தூக்கிவிடுதல் மூன்றாவது, மிக ஆபத்தானதும்கூட. விளக்கு எரியாது, கார் இழுக்கும். ஆனால் எரிபொருள் குறைந்த கலவையுடன் முழுச் சுமையில் ஓடும் எஞ்சினில் பிஸ்டன் உருகச் சில நொடிகள் போதும். மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களை நீக்குவதும் அவற்றின் கண்காணிப்பை நிரலில் அணைப்பதும் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தின்படி குற்றமாகும்.

எப்போது காரை நிறுத்த வேண்டும்

சிவப்பு நிற எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். எண்ணெய் அழுத்தமின்றி ஓடும் எஞ்சினின் பேரிங்குகள் மிக விரைவில் அழியும். வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் இதுவே விதி.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மின்னினால் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிவதால் அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி உருகக்கூடும். உருகியது புகைபோக்கியை அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறி மேலும் திறனை இழக்கும். சிறிய விலையுள்ள ஒரு காயிலின் பழுது இவ்வாறு பெரும் செலவாக வளர்கிறது. ஆகவே விளக்கு மின்னும்போது மிதியிலிருந்து காலைத் தளர்த்திச் சுமையைக் குறைத்து, இயன்ற அளவு விரைவில் நிறுத்த வேண்டும்.

பெட்ரோல் வாடை, புகைபோக்கியில் தொடர்ந்த நீல அல்லது வெண்புகை, எஞ்சினுக்குள்ளிருந்து உலோகத் தட்டல் ஓசை ஆகியவை தெரிந்தால், குறி எதுவும் பதிவாகாவிட்டாலும் காரை இழுவை வண்டியில் கொண்டுசெல்வதே சரி.

பழுது நீங்கியதை உறுதி செய்தல்

விளக்கு அணைந்தது பழுது நீங்கியதற்குச் சான்றாகாது. பல குறிகள் அடுத்தடுத்த இரு ஓட்டச் சுழற்சிகளில் பிழை நிகழ்ந்த பின்னரே விளக்கை எரிய வைக்கின்றன. முதல் முறை நிகழ்ந்தது "நிலுவைக் குறி" என்று தனியே சேமிக்கப்படும். எனவே பழுதுபார்த்த பின் நிலுவைக் குறிகளையும் படிக்க வேண்டும்.

பிழை நிகழ்ந்த அதே சுமை, அதே சுழற்சி, அதே வெப்பநிலையில் மீண்டும் தரவைப் பதிவு செய்து பழைய பதிவுடன் ஒப்பிடுவதே உறுதியான முறை. இலக்கும் உண்மை அளவும் நெருங்கி வந்தனவா, கட்டுப்பாட்டு விழுக்காடு இறங்கியதா, எரிபொருள் திருத்தம் இயல்புக்குத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போதே இத்தகைய பதிவொன்றை எடுத்து வைத்திருக்கும் கார் உரிமையாளருக்கு, அடுத்த முறை விளக்கு எரியும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கையிலேயே இருக்கும்.